பொத்தானை அழுத்தியும் இயங்காத மேசைக் கணினி: சுவரிலிருந்து மதர்போர்டு வரை சோதிப்பது எப்படி?

டாலிகஞ்ச் (அந்தமான் நிக்கோபார்): மேசைக் கணினியின் பொத்தான் அழுத்தப்படுகிறது. விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, திரையில் எதுவும் தோன்றவில்லை. சென்னையில் வசிப்பவருக்கு இது ஒரு நாள் தொல்லை. ரிச்சி தெருவுக்கு ஒருமுறை சென்று வந்தால் தேவையான உதிரிபாகம் கைக்கு வந்துவிடும். வங்கக் கடலில் சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தமானில் நிலைமை வேறு. உள்ளூர்க் கடையில் இருப்பில் இல்லாத பாகம் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலிலோ, விமானச் சரக்காகவோ வந்து சேர வேண்டும். சென்னையிலிருந்து கப்பல் பயணத்திற்கு மட்டும் ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும்.

ஆகவே பழுதான பாகம் எது என்பதைத் தவறாகக் கணித்தால் அதற்குரிய விலை பணம் மட்டுமன்று. காத்திருக்கும் வாரங்களும் சேர்ந்ததே. எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி பழுதென்று நினைத்து அதை வரவழைத்த பிறகு, உண்மையில் செயலிழந்தது மேசைக்கடியில் கிடந்த நீட்டிப்புப் பலகையே என்று தெரியவருவது புதிதன்று. இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்க ஒரே வழி, மின்சாரம் வரும் பாதையிலேயே வரிசை தவறாமல் சோதித்துச் செல்வதுதான்.

தீவின் மின்சாரம்

டாலிகஞ்ச், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரை ஒட்டிய பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையமும் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் இங்கு உள்ளன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்எல்சி இந்தியா நிறுவனம், டாலிகஞ்சிலும் அருகிலுள்ள அட்டம்பஹாடிலும் மொத்தம் 20 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையங்களை அமைத்துள்ளது. அவற்றுடன் 8 மெகாவாட்-மணி அளவுள்ள மின்கலச் சேமிப்பு அமைப்பும் இணைக்கப்பட்டுள்ளது.

இந்தச் சேமிப்பு அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் தீவு மின்சாரத்தின் தன்மை விளங்குகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு பிற மண்டலங்களுடன் இணைக்கப்பட்டதும், நாட்டின் பெருநிலப்பரப்பு முழுவதும் ஒரே மின்தொகுப்பானது. அந்தமான் நிக்கோபார் அதில் சேரவில்லை. கடல் கடந்து அவ்வாறு இணைக்கும் மின்பாதை இல்லை. டீசல் மின்னாக்கிகளே இங்கு நெடுங்காலமாக முதன்மை ஆதாரம். பெருந்தொகுப்பில் ஒரு மின்னாக்கி நின்றால் மற்ற நூற்றுக்கணக்கானவை அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சிறிய தீவுத் தொகுப்பிலோ ஒரு மின்னாக்கி நின்றாலும், மேகம் திடீரென்று சூரியத் தகடுகளை மறைத்தாலும் அதன் தாக்கம் உடனே உணரப்படும். அந்த இடைவெளியை நிரப்பவே மின்கலச் சேமிப்பு.

இதில் கணினிக்குப் பகையாக அமைவது மின்தடை அன்று. தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும் தருணமே. வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள குளிர்பதனப் பெட்டிகளும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் சில நொடிகள் தாழ்ந்தும் உயர்ந்தும் ஆடும். மின்வழங்கிப் பெட்டியின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பழுதடைவது அத்தகைய தருணங்களில்தான்.

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகு மாணவர் விண்ணப்பம் முதல் வணிகரின் வரிக் கணக்கு வரை பல பணிகள் கணினித் திரைக்கு நகர்ந்துவிட்டன. இணையம் கடலடியில் நொடிப்பொழுதில் வந்துவிடுகிறது. உதிரிபாகம் இன்னும் கடல்மேல்தான் வருகிறது. கணினி ஒன்று முடங்கினால் அதன் பின்னே முடங்கும் வேலையும் முன்பைவிட அதிகம்.

பொத்தான் செய்வது என்ன?

சோதனையைத் தொடங்கும் முன் ஓர் அடிப்படை உண்மையை அறிந்துகொள்வது நல்லது. மின்விளக்கின் சுவிட்சைப் போலக் கணினியின் பொத்தான் மின்சாரத்தை நேரடியாக இணைப்பதில்லை. பழைய கணினிகளில் அப்படித்தான் இருந்தது. இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வடிவமைப்பு இதை மாற்றியது.

இந்த வடிவமைப்பில், சுவரில் பிளக் செருகப்பட்டிருக்கும்வரை மின்வழங்கிப் பெட்டி அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்நிலையிலும் அது 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு வழங்கிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே செல்கிறது. மதர்போர்டு அதை ஏற்று, மின்வழங்கிப் பெட்டியை முழுமையாக விழிக்கும்படி கேட்கிறது. அதன் பின்னரே 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மின்சாரங்கள் பாய்கின்றன. அவை சரியான அளவில் நிலைபெற்றதாக மின்வழங்கி பதில் சைகை அனுப்பிய பிறகே செயலி வேலையைத் தொடங்குகிறது.

சுவர், வடம், மின்வழங்கி, பொத்தான், மதர்போர்டு என ஐந்து கண்ணிகள் உள்ள சங்கிலி இது. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றே: கணினி இயங்காது. சங்கிலியின் முதற்கண்ணியிலிருந்து தொடங்குவதே முறை. அங்கு நடத்தும் சோதனைகளுக்குச் செலவில்லை, கருவியும் தேவையில்லை.

இயங்காதது கணினியா, திரையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. திரை கறுத்திருப்பதை மட்டும் பார்த்துக் கணினி செத்துவிட்டது என்று முடிவுசெய்வது பரவலான தவறு. பெட்டியின் பின்புறம் காதை வைத்துக் கேட்டால் விசிறியின் ஓசை தெரியும். விசிறி சுழன்றால் மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது திரையின் மின்வடம், காட்சி வடம், திரையின் பொத்தான் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் காட்சி வடம் அந்த அட்டையில் செருகப்பட்டிருக்க வேண்டும். தவறி மதர்போர்டின் துளையில் செருகினால் பல கணினிகளில் படம் வராது.

விசிறி ஓரிரு நொடி சுழன்று நின்றால், எங்கோ மின்குறுக்கு ஏற்பட்டுப் பாதுகாப்பு அமைப்பு துண்டிக்கிறது என்றோ, செயலிக்கான தனி மின்வடம் சரியாகப் பொருந்தவில்லை என்றோ கருதலாம். விசிறி தொடர்ந்து சுழன்றும் படம் வராவிட்டால், ரேம் எனப்படும் நினைவக அட்டை முதல் சந்தேகத்திற்குரியது. பிளக்கைச் செருகியவுடனே வீட்டின் எம்சிபி விழுந்தால், மின்வழங்கியின் உள்ளேயே குறுக்கு ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்நிலையில் திரும்பத் திரும்ப முயல்வது ஆபத்து. எந்த அறிகுறியும் இல்லாமல் முழு அமைதி நிலவினால், அடுத்து வரும் படிகளைப் பின்பற்றலாம்.

சுவரிலிருந்து தொடங்குக

கணினி செருகப்பட்டிருந்த அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கையோ கைப்பேசி மின்னூட்டியையோ செருகிப் பார்க்க வேண்டும். அது இயங்கினால் சுவர் குற்றமற்றது. அடுத்து, ஸ்பைக் பஸ்டர் எனப்படும் நீட்டிப்புப் பலகை. அதன் சிவப்பு விளக்கு எரிவதால் மட்டுமே அதன் எல்லாத் துளைகளிலும் மின்சாரம் வருகிறது என்று கொள்ள முடியாது. உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் கடற்காற்றால் களிம்பேறித் தளர்ந்துபோவதுண்டு. பலகையை விலக்கிவிட்டு, கணினியைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகிச் சோதிப்பது நல்லது.

யுபிஎஸ் இருந்தால் அதையும் ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும். வீடுகளில் உள்ள சிறிய யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில மின்கலம் ஒன்று இருக்கும். வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் இவ்வகை மின்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வெப்பமான ஊர்களில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடுகிறது. மின்கலம் முற்றிலும் செத்த நிலையில், சுவரில் மின்சாரம் இருந்தாலும் சில யுபிஎஸ்கள் இயங்க மறுக்கும். பழுது யுபிஎஸ்ஸில் இருக்கக் குற்றம் கணினியின் மேல் விழுகிறது.

மூன்றாவதாக, பெட்டியின் பின்புறம் செருகும் மின்வடம். திரைக்கும் கணினிக்கும் பெரும்பாலும் ஒரே வகை வடம் என்பதால், இரண்டையும் மாற்றிச் செருகினால் வடத்தின் நிலை தெரிந்துவிடும். வடம் தளராமல் முழுமையாகச் செருகப்பட்டிருப்பதும் முக்கியம்.

நான்காவது, மின்வழங்கியின் பின்புறத்தில் வடத்தின் அருகே உள்ள சிறு சுவிட்ச். அறையைப் பெருக்கும்போதோ பெட்டியை நகர்த்தும்போதோ கை பட்டு அது அணைந்திருக்கலாம். கோடு உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் இயக்கத்தில் உள்ளது. வட்டம் உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்துள்ளது. பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எண்ணிட்ட சிவப்பு நிறத் தள்ளு சுவிட்சும் இருக்கும். இந்தியாவில் அது எப்போதும் 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்துச் செருகினால் மின்வழங்கி அந்த நொடியே கருகிவிடும்.

30 நொடி காத்திருப்பு

வெளிப்புறம் அனைத்தும் சரியாக இருந்தும் கணினி இயங்காவிட்டால், திறப்புளியைத் தேடும் முன் இன்னொரு எளிய முயற்சி உண்டு. மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கணினியின் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செருகி இயக்கலாம்.

இது மந்திரம் அன்று, காரணம் உண்டு. மின்னழுத்தம் அளவு மீறும்போது மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும். காத்திருப்பு மின்சாரம் இருக்கும்வரை அந்தப் பூட்டு விலகாது. வடத்தைக் கழற்றி, மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டால் பூட்டு நீங்கும். மின்தடைக்குப் பின் இயங்க மறுக்கும் கணினிகளில் சில இந்த ஒரே செயலால் உயிர்பெறுகின்றன.

அப்போதே யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்ட அச்சுப்பொறி, வெளி வன்வட்டு, பென் டிரைவ் போன்றவற்றையும் கழற்றிவிட வேண்டும். பழுதான ஒரு துணைக்கருவியோ, ஊசி வளைந்த ஒரு யுஎஸ்பி துளையோ முழுக் கணினியையும் தடுத்து நிறுத்தக்கூடும்.

காத்திருப்பு மின்சாரம் வருகிறதா?

சங்கிலியின் எந்தப் பாதியில் பழுது என்பதைக் கண்டறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. கணினி அணைந்த நிலையிலும் மதர்போர்டில் சிறு விளக்கு ஒன்று பல தயாரிப்புகளில் எரியும். பின்புறம் இணைய வடம் செருகும் துளையருகே விளக்கு மினுங்குவதும், ஒளிச்சுட்டியின் அடிவிளக்கு எரிவதும் இதே செய்தியைச் சொல்கின்றன. இவற்றுள் ஒன்று எரிந்தாலும் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டை அடைகிறது எனக் கொள்ளலாம். ஒன்றுமே எரியாவிட்டால் மின்வழங்கியின் மேல் சந்தேகம் வலுக்கிறது. எனினும் எல்லாத் தயாரிப்புகளிலும் இந்த விளக்குகள் இருப்பதில்லை என்பதால், இதை மட்டும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

காத்திருப்பு மின்சாரம் இருந்தும் கணினி அசையாவிட்டால், பெட்டியின் முகப்புப் பொத்தானே பழுதாகியிருக்கலாம். தினமும் அழுத்தப்படும் அந்தச் சிறு பொத்தான் தேய்ந்தோ துருவேறியோ போவதுண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தால், பொத்தானிலிருந்து வரும் இரு மெல்லிய கம்பிகள் மதர்போர்டின் ஓரத்தில் இரு ஊசிகளில் செருகப்பட்டிருப்பது தெரியும். அவை கழன்றிருந்தால் மீண்டும் செருகினால் போதும். பொத்தானே பழுது என்ற ஐயம் எழுந்தால், கணினியை மீண்டும் தொடங்கும் ரீசெட் பொத்தானின் கம்பியை அந்த ஊசிகளில் மாற்றிச் செருகி, அதை அழுத்திப் பார்க்கலாம். கணினி இயங்கினால் பழுது சில ரூபாய்ப் பொத்தானோடு முடிந்தது. கம்பிகளை மாற்றும் முன் மின்வடம் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

பெட்டிக்குள் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறப்பவர் மின்வடத்தை முற்றிலும் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டகத்தை ஒருமுறை தொட வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் அதனால் வெளியேறும். தொடங்கும் முன் கைப்பேசியில் நான்கு பக்கங்களிலும் படம் எடுத்துவைத்தால், எந்த வடம் எங்கிருந்தது என்ற குழப்பம் பின்னர் வராது.

மதர்போர்டுக்கு வரும் 24 ஊசி அகலச் செருகியையும், செயலியருகே செருகப்படும் 4 அல்லது 8 ஊசிச் செருகியையும் கழற்றி, கொக்கி பிடிக்கும்வரை மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். அடுத்து நினைவக அட்டை. அதன் இருபுறக் கொக்கிகளையும் விலக்கி எடுத்து, மென்மையான வெள்ளை அழிப்பானால் பொன்முலாம் பூசிய விளிம்பை இலேசாகத் துடைத்து, துகள் ஒட்டாமல் தட்டிவிட்டுச் செருகுவது பழுதுபார்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் துடைப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

அதன் பிறகும் பயனில்லையெனில், இன்றியமையாதவை தவிர மற்ற அனைத்தையும் கழற்றிவிட்டு இயக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் அட்டை, வன்வட்டுகள், கூடுதல் நினைவக அட்டைகள் ஆகியன நீங்கி, மதர்போர்டு, செயலி, ஒற்றை நினைவக அட்டை, மின்வழங்கி ஆகியன மட்டும் எஞ்சட்டும். இந்நிலையில் கணினி இயங்கினால், கழற்றியவற்றுள் ஒன்றே குற்றவாளி. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிவந்தால் எது என்பது புலப்படும்.

மதர்போர்டில் உள்ள காசு வடிவ மின்கலத்தையும் கவனிக்கலாம். சிஆர்2032 எனப்படும் இந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்தால் வழக்கமாக நாளும் நேரமும் மட்டுமே தவறும். எனினும் சில மதர்போர்டுகள் அதனால் தொடங்கவே மறுக்கின்றன. சிறிய கடைகளிலும் கிடைக்கும் அதை மாற்றிப் பார்ப்பதில் இழப்பில்லை.

உப்பும் ஈரமும் எறும்பும்

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை நாட்டில் முதலில் தொடுவதும் இத்தீவுகளையே. உப்பு கலந்த ஈரக்காற்று மதர்போர்டின் செம்புத் தடங்களிலும் செருகிகளிலும் படிந்து பச்சை நிறக் களிம்பை உண்டாக்குகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், தூசு படிந்த இடங்களில் மின்சாரம் கசியவும் வழி ஏற்படுகிறது.

விடுமுறையில் பல வாரங்கள் அணைந்து கிடந்த கணினி, திரும்பி வந்ததும் இயங்க மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இயங்கும் கணினியின் வெப்பம் ஈரத்தைத் துரத்துகிறது. அணைந்து கிடப்பது ஈரத்தை உறிஞ்சுகிறது. மின்வழங்கியின் வெதுவெதுப்பான உட்புறம் எறும்புகளுக்கும் பல்லிகளுக்கும் புகலிடம். பல்லி ஒன்று உயர் மின்னழுத்தப் பகுதியில் இரு முனைகளைத் தொட்டால் பல்லியும் போகும், மின்வழங்கியும் போகும். பின்புறக் காற்றுத் துளைகளில் எறும்பு மண்ணோ, முட்டைத்தோடோ காணப்பட்டால் அது முக்கியமான துப்பு.

மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். அது உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அந்த மின்தேக்கி ஆயுள் முடிந்தது. பலமுறை அழுத்தினால் ஒருமுறை இயங்கும் கணினிகளில் இக்குறை அடிக்கடி காணப்படுகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் பெருமளவில் மதர்போர்டுகளில் புகுந்து, எண்ணற்ற கணினிகளை முடக்கிய வரலாறும் உண்டு. நல்ல செய்தி என்னவெனில், உப்பிய மின்தேக்கியை மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்த பழுதுபார்ப்பவர் இருந்தால், மதர்போர்டையே மாற்ற வேண்டிய தேவை இராது.

மழைநீர் உள்ளே புகுந்த கணினியை உலர்ந்துவிட்டதா என்று பார்க்க உடனே இயக்குவது மிகப்பெரிய தவறு. மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, குறைந்தது இரண்டு, மூன்று நாட்கள் காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். கடல்நீர் பட்டிருந்தால் உலர்ந்த பின்னும் உப்பு தங்கிவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவித் துடைப்பதே வழி.

எங்கே நிறுத்த வேண்டும்?

வீட்டில் செய்யும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை மின்வழங்கிப் பெட்டியின் மூடி. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிப் பெரிய மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. பல பெட்டிகளில் அது இன்னும் உயர்த்தப்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் சில நேரம் தங்கியிருக்கும். உயிருக்கு ஆபத்தான அந்த மூடியைப் பயிற்சி இல்லாதவர்கள் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

பழுதுபார்ப்பவர்கள் மின்வழங்கியைப் பெட்டியிலிருந்து தனியே எடுத்து, 24 ஊசிச் செருகியில் உள்ள பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து அது விழிக்கிறதா என்று பார்ப்பதுண்டு. மதர்போர்டு அனுப்ப வேண்டிய சைகையைக் கையால் அனுப்பும் முறை இது. விசிறி சுழன்றால் மின்வழங்கி நலம் என்று அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. சுமையில்லாமல் விழிக்கும் மின்வழங்கி, சுமை ஏறியதும் தளர்ந்துபோகலாம். மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் கம்பி 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் காட்ட வேண்டும். இன்றைய மின்வழங்கிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருப்பதுண்டு. ஆகவே நிறத்தை நம்பி இணைப்பது தவறு.

ஐயமற்ற சோதனை ஒன்றே: நன்றாக இயங்கும் வேறொரு கணினியின் மின்வழங்கியைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்ப்பது. கப்பலில் உதிரிபாகம் வரவழைக்க வேண்டிய ஊரில், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: மாற்று மின்வழங்கி பொருத்திப் பார்த்தீர்களா? அந்தச் சோதனையின்றி மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கோப்புகள் எங்கும் போவதில்லை

கணினி இயங்காதபோது பலரைக் கலங்கவைப்பது உள்ளிருக்கும் படங்களும் கணக்குகளும்தான். மின்வழங்கியோ மதர்போர்டோ பழுதானால் கோப்புகள் அழிவதில்லை. அவை வன்வட்டிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. அதைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்தால் பெரும்பாலும் அவற்றைப் படிக்க முடியும்.

ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். வேறு கணினியில் அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் அமைக்கப்பட்ட கணினிகளில் அந்தச் சாவி வழக்கமாக அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதைத் தேடி எழுதிவைப்பது அறிவுடைமை. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது வட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம்; மின்சாரப் பழுதைக் கண்டறிய வட்டு தேவையில்லை.

வரவழைக்கும் முன்பும், எறியும் முன்பும்

மின்வழங்கியை மாற்ற வேண்டும் என்று உறுதியானால், பழைய பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள விவரச் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வாட் அளவு மட்டும் போதாது. பெட்டியின் நீள அகலமும், செருகிகளின் எண்ணிக்கையும், அவற்றின் ஊசிகளும் பொருந்த வேண்டும். பெரிய நிறுவனங்கள் விற்கும் அலுவலகக் கணினிகள் பலவற்றில் 24 ஊசிக்குப் பதிலாக அந்நிறுவனத்துக்கே உரிய செருகி இருக்கும். பொதுவான மின்வழங்கி அதில் பொருந்தாது. கப்பலில் வந்தது கப்பலிலேயே திரும்பும்.

கணினியைக் கைவிடுவது கடைசி முடிவாக இருக்கட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய பொருட்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே சென்றுசேர வேண்டும். சிறு தீவுகளில் குப்பையில் எறியப்படும் மதர்போர்டின் ஈயம் போய்ச்சேர வேறு இடமில்லை. அது அதே மண்ணிலும் நீரிலுமே தங்கும்.

மீண்டும் நேராதிருக்க

மின்சாரம் போனதும் கணினியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் திரும்பி ஐந்து நிமிடம் கழித்துச் செருகுவது எந்தச் செலவும் இல்லாத காப்பு. யுபிஎஸ் மின்கலத்தை அது முற்றிலும் சாகும் முன்பே மாற்றிவிடுவது அடுத்தது.

மூன்றாவது, எர்த் இணைப்பு. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொடும்போது சுர்ரென்று உணர்ந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழியின்றிப் பெட்டியில் நிற்பதே அந்தச் சுர்ருக்குக் காரணம். எர்த் இல்லாத இடத்தில், மின்னெழுச்சியைத் தடுக்க வேண்டிய ஸ்பைக் பஸ்டரும் தன் வேலையை முழுமையாகச் செய்ய முடியாது. மின்பணியாளரை அழைத்து அதைச் சரிசெய்வது கணினிக்கு மட்டுமன்றி, அதைத் தொடும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

பெட்டியைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், பயன்பாடு இல்லாத நாட்களிலும் வாரம் இருமுறை அரைமணி நேரம் இயக்குவதும், ஆறு மாதத்திற்கொருமுறை தூசு தட்டுவதும் உப்பையும் ஈரத்தையும் அணுகவிடாமல் காக்கும். பயன்படுத்தாத காற்றுத் துளைகளில் மெல்லிய வலை ஒட்டினால் பல்லி நுழையாது.

கணினி மீண்டும் ஒருநாள் மௌனமானால், சுவர், பலகை, யுபிஎஸ், வடம், பின்புறச் சுவிட்ச், 30 நொடி, காத்திருப்பு விளக்கு, பொத்தான் கம்பி, நினைவக அட்டை என்ற வரிசை நினைவிருந்தால் போதும். இவை அனைத்தையும் ஒரு மணி நேரத்தில் செலவின்றிச் சோதித்துவிடலாம். அதன் பின்னரும் அது எழாவிட்டால், அப்போது வரவழைக்க வேண்டிய பாகம் எது என்பது பெருமளவு தெளிவாகியிருக்கும்.